ரிப்போர்ட் ஓடும்போது பில்லிங் நிற்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மாதக் கடைசி நாள், மாலை 5:30. மாடியில் கணக்குப் பிரிவில் ஒருவர் ஸ்டாக் ரிப்போர்ட்டைத் திறக்கிறார், கீழே கவுண்டரில் பில் போடும் ஸ்கிரீனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போட ஆரம்பிக்கிறார்கள். அப்போது எல்லார் வாயிலும் வருவது ஒரே பேச்சுதான்: "ரிப்போர்ட் சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் டேட்டாபேஸ் சர்வரிலேயே யார் போட்டது, முதல்ல அதை வேற மெஷினுக்கு மாத்துங்க."

நான் வேலை பார்த்த ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் அப்படியே மாற்றினார்கள். புது மெஷின், அதற்குத் தனி லைசென்ஸ், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அடுத்த மாதக் கடைசியில் அதே மாலை நேரத்தில் பில்லிங் அதே மாதிரி நின்றது. செலவான பணத்தை விட, மாற்றிக் கொடுத்த சின்னப் பையன் மேல் பழி விழுந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. நோய் வேறு, கொடுத்த மருந்து வேறு.

ரிப்போர்ட்டால் சர்வருக்கு வரும் சுமை இரண்டு வகை. ஒன்று, ரிப்போர்ட் சாஃப்ட்வேர் தானே செய்யும் வேலை: வந்த வரிகளைப் பிரித்து அடுக்குவது, கூட்டிப் போடுவது, பக்கம் அமைப்பது, பிடிஎஃப் அல்லது எக்ஸெல் ஆக்குவது. இன்னொன்று, அது டேட்டாபேஸுக்கு அனுப்பும் குவெரி, அதாவது இந்தத் தகவலை எடுத்துக் கொடு என்ற கட்டளை. சாஃப்ட்வேரை வேறு மெஷினுக்கு மாற்றினால் முதல் சுமை மட்டும்தான் கூடப் போகும். குவெரியை எங்கிருந்து அனுப்பினாலும் அது பழைய டேட்டாபேஸில்தான் ஓடும், அதே டேபிளைத்தான் படிக்கும், ஒருவர் தொடும் வரியை மற்றவர் தொடாமல் தடுக்கும் அதே பூட்டைத்தான் போடும். அதனால் உங்களைப் பிடித்திருப்பது எந்தச் சுமை என்று தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள்.

நான் சொல்வதெல்லாம் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்க்யூஎல் சர்வரும் அதன் ரிப்போர்ட்டிங் சர்வீஸஸும், அதாவது எஸ்எஸ்ஆர்எஸ்ஸும், ஒரே மெஷினில் இருக்கும் அமைப்பைப் பற்றி. 2016 பதிப்பு வரை டேட்டாபேஸ் நிறுவும் செட்டப்பிலேயே ஒரு டிக் போட்டால் இதுவும் வந்துவிடும், 2017 முதல்தான் தனி இன்ஸ்டாலர். அதனால் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்காமலே பல இடங்களில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. காசும் ஒரு காரணம்: டேட்டாபேஸ் மெஷினிலேயே போட்டால் எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை, வேறு மெஷினில் போட்டால் அந்த மெஷினுக்கும் எஸ்க்யூஎல் சர்வர் லைசென்ஸ் வேண்டும், கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது 4 கோர்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

எஸ்எஸ்ஆர்எஸ் தனக்காக வைத்திருக்கும் ரிப்போர்ட்சர்வர் என்ற டேட்டாபேஸில் எக்ஸிகியூஷன்லாக்3 என்று ஒரு வியூ, அதாவது டேபிள் மாதிரியே படிக்கக்கூடிய ஒன்று, இருக்கிறது. யார், எந்த ரிப்போர்ட்டை, எப்போது, எந்த வடிவில் எடுத்தார் என்பது வரிக்கு வரி அதில் பதிவாகும், மாற்றாமல் விட்டிருந்தால் 60 நாள் வரை இருக்கும். அதில் மூன்று நேரங்கள் மில்லிசெகண்டில் இருக்கும்: டைம்டேட்டாரிட்ரீவல், டைம்ப்ராசஸிங், டைம்ரெண்டரிங். முதலாவது குவெரி ஓடி டேட்டா வந்துசேர ஆன நேரம், அடுத்த இரண்டும் எஸ்எஸ்ஆர்எஸ் தன் கையால் செய்த வேலை.

ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: டேட்டா எடுக்க 2,14,300, ப்ராசஸிங் 1,900, ரெண்டரிங் 3,200. மூன்றரை நிமிடத்துக்கு மேல் குவெரியிலேயே போயிருக்கிறது, சாஃப்ட்வேர் செலவழித்தது ஐந்து விநாடி. இந்த ரிப்போர்ட்டுக்காக மெஷின் மாற்றினால் அந்த ஐந்து விநாடியைத்தான் நகர்த்துகிறீர்கள். இன்னொரு வரி: டேட்டா 4,100, ப்ராசஸிங் 38,000, ரெண்டரிங் 1,52,000, வரிகளின் எண்ணிக்கை 6 லட்சம், வடிவம் எக்ஸெல். இது முழுக்க முழுக்க சாஃப்ட்வேரின் சுமை, மாற்றினால் பலன் உண்டு. பில்லிங் நின்ற நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஓடிய ரிப்போர்ட்டுகளின் மூன்று எண்களையும் எழுதிப் பாருங்கள். நாங்கள் இந்த எண்களை மெஷின் மாற்றிய பிறகுதான் பார்த்தோம், மாற்றுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

அறிகுறி: ரிப்போர்ட் ஓடும் வரை பில்லிங் அப்படியே நிற்கிறது, முடிந்ததும் சட்டென்று ஓடுகிறது. சிபியு பார்த்தால் சும்மா இருக்கிறது

இது பூட்டுத் தகராறு. அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான முறையில் படிக்கிறவரும் பூட்டுப் போடுவார், எழுதுகிறவரும் போடுவார், ஒருவர் பிடித்திருக்கும் வரியை மற்றவர் காத்திருந்துதான் தொட முடியும். படிக்கும் பூட்டு பொதுவாக வேலை முடிய முடிய விடுபட்டுக்கொண்டே போகும்தான். ஆனால் லட்சக்கணக்கான வரிகளைப் படிக்கும் குவெரி, வரிக்கு வரி பூட்டாமல் பக்கம் பக்கமாகவோ (பல வரிகளைச் சேர்த்து வைக்கும் துண்டுதான் பக்கம்) சில சமயம் டேபிளுக்கே மொத்தமாகவோ பூட்டு எடுக்கும். எழுதும் பக்கத்திலும் இதே கதை: ஒரே கட்டளை ஒரு டேபிளில் 5,000 பூட்டுகளைத் தொட்டால் அதை டேபிள் பூட்டாக உயர்த்த சர்வர் பார்க்கும். அப்போது ரிப்போர்ட் அதன் பின்னால் நிற்கும், ரிப்போர்ட்டின் பின்னால் பத்து பில் நிற்கும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ரிப்போர்ட்தான் குற்றவாளியாகத் தெரியும்.

உறுதி செய்வது சுலபம். நிற்கும்போதே, எஸ்க்யூஎல் சர்வரைக் கையாளும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, யாரால் யார் தடைபட்டிருக்கிறார் என்று காட்டும் பத்தியைப் பாருங்கள். ஆடம் மெக்கானிக் எழுதிய எஸ்பி_ஹூஇஸ்ஆக்டிவ் என்ற ஸ்டோர்டு ப்ரொசீஜர் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டு வைத்திருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். காத்திருப்பின் பெயர் எல்சிகே என்று ஆரம்பித்தால் பூட்டுதான், சந்தேகமே வேண்டாம். அந்தச் சங்கிலியின் தலையில் நிற்பது யார் என்று பிடியுங்கள். அது ரிப்போர்ட்டாக இல்லாமல், யாரோ டிரான்ஸாக்ஷனைத் (முழுதாக முடித்தால்தான் உறுதியாகும் வேலைத் தொகுப்பு) திறந்துவிட்டு டீ குடிக்கப் போன ஸ்கிரீனாகக்கூட இருக்கலாம்.

இந்த இடத்தில் கை தானாக, பூட்டைப் பார்க்காமல் படி என்று சொல்லும் நோலாக் பக்கம் போகும். வேண்டாம். குவெரியில் நோலாக் போட்டால் பில்லிங் நகரும், ஆனால் ரிப்போர்ட் இன்னும் உறுதியாகாத, பிறகு ரத்தாகிவிடக்கூடிய வரிகளையும் படிக்கும். அதைவிட மோசம், படித்துக்கொண்டிருக்கும்போது பக்கங்கள் இடம் மாறினால் ஒரே வரி இரண்டு தடவை வரலாம், ஒரு வரி வராமலே போகலாம். கணக்குப் பிரிவுக்குப் போகும் ஸ்டாக் மதிப்பில் அப்படி ஒரு வித்தியாசம் வந்தால் அதை யாராலும் மறுபடி ஓட்டிக் காட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் மூன்று பேர் உட்கார்ந்து பழைய பில்களைப் புரட்டுவார்கள். எண்களை நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், அந்த நம்பிக்கையோடு நாம் விளையாடக் கூடாது.

சரியான மருந்து ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட். 2005 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இதை ஆன் செய்தால் படிக்கிறவர் பூட்டுக்குக் காத்திருக்க மாட்டார், குவெரி ஆரம்பித்த நேரத்தில் உறுதியாகியிருந்த பழைய நகலைப் படிப்பார், எழுதுகிறவரையும் மறிக்க மாட்டார். அஷூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இது ஏற்கனவே ஆன், நம் மெஷினில் நிறுவும் எஸ்க்யூஎல் சர்வரில் நாம்தான் செய்ய வேண்டும். ஆல்டர் டேட்டாபேஸ் கட்டளை ஒரு வரிதான், ஆனால் அந்த நேரத்தில் அந்த டேட்டாபேஸில் வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது, அதனால் ராத்திரி கடை மூடியபின் செய்யுங்கள். பழைய நகல்கள் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸான டெம்ப்டிபியில் சேரும், அங்கே இடம் இருக்க வேண்டும். மாறும் வரிகளோடு 14 பைட் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே டெஸ்ட் சர்வரில் ஒன்றைப் பாருங்கள்: ஸ்டாக் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, பிறகு வேறு கட்டளையில் கழிக்கும் நிரல் எங்காவது இருக்கிறதா? அது இத்தனை நாள் பூட்டின் தயவில் தப்பித்திருந்தால் இப்போது பழைய எண்ணைப் படித்து ஏமாறும். அதை மட்டும் திருத்திவிட்டு ஆன் செய்யுங்கள்.

அந்த நிறுவனத்தில் கடைசியில் பில்லிங்கை ஓட வைத்தது இதுதான். புது மெஷின் இல்லாமலே முடிந்திருக்கும்.

அறிகுறி: மெஷினே மொத்தமாக இழுக்கிறது, ரிமோட்டில் உள்ளே போகவே இரண்டு நிமிடம் ஆகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி வாரியாக அடுக்கிப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரும் ரிப்போர்ட்டிங் சர்வீஸும் மேலே அடுத்தடுத்து நின்று, மீதி மெமரி கிட்டத்தட்ட ஒன்றும் இல்லையென்றால் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடச் சண்டை போடுகின்றன. எஸ்க்யூஎல் சர்வரின் எர்ரர் லாகில் 17890 என்ற எண்ணைத் தேடுங்கள். புராசஸின் மெமரியில் பெரும்பகுதி டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று சொல்லும் செய்தி அது. அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

காரணம், இரண்டுமே கட்டுப்பாடில்லாமல் நிறுவப்பட்டவை. மேக்ஸ் சர்வர் மெமரி என்ற அமைப்பில் ஆரம்பத்தில் இருக்கும் எண் 2147483647 மெகாபைட், அதாவது வரம்பே இல்லை. எஸ்எஸ்ஆர்எஸ் பக்கமும் வொர்க்கிங்செட்மேக்ஸிமம் என்ற அளவைக் கொடுக்காமல் விட்டால் மெஷினில் உள்ள மெமரி அத்தனையும் தன்னுடையது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

64 ஜிபி மெஷின் என்றால் நான் போடும் கணக்கு: விண்டோஸுக்கும் ஆன்டிவைரஸ், பேக்கப் போன்ற சில்லறைகளுக்கும் 8, எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்கு 10, மீதி 46 டேட்டாபேஸுக்கு. மேக்ஸ் சர்வர் மெமரியை மாற்ற ரீஸ்டார்ட் தேவையில்லை, ஆனால் மாற்றும்போது, குவெரிகளை ஓட்டும் வழிகளை (பிளான்) சேமித்து வைத்திருக்கும் பிளான் கேஷ் காலியாகும், அதனால் பகல் நெரிசலில் கை வைக்காதீர்கள். எஸ்எஸ்ஆர்எஸ் பக்கம் ஆர்எஸ்ரிப்போர்ட்சர்வர் கான்ஃபிக் ஃபைலில் அந்த எண்ணைக் கிலோபைட்டில் எழுதிவிட்டு சர்வீஸை ஒரு தடவை நிறுத்தி எழுப்புங்கள். ஃபைலுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வரம்பு போட்ட பிறகும் பெரிய எக்ஸெல் எக்ஸ்போர்ட்டுகளால் ரிப்போர்ட் சர்வீஸ் திணறினால், அப்போதுதான் வேறு மெஷின் என்ற பேச்சுக்கு உண்மையான நியாயம் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்த 6 லட்சம் வரி எக்ஸெல்லை எடுப்பவரிடம் போய், அண்ணா, இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் அவர் அதில் பிவட் போட்டு 40 வரியாக்கிக்கொண்டிருந்தார். அந்த 40 வரியையே ரிப்போர்ட்டாகக் கொடுத்தோம், அவருக்கும் தினம் ஒரு மணி நேரம் மிச்சம்.

அறிகுறி: ரிப்போர்ட் முடிந்துவிட்டது, ஆனால் அதற்குப் பிறகும் வெகு நேரம் எல்லா ஸ்கிரீனும் மந்தம்

பெரிய டேபிளை முழுக்கப் படித்த குவெரி, பில்லிங்குக்கு வேண்டிய பக்கங்களை மெமரியிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. ஒவ்வொரு பில்லும் இப்போது டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்கிறது. பக்கங்கள் மெமரியில் எவ்வளவு நேரம் தங்கும் என்று காட்டும் பேஜ் லைஃப் எக்ஸ்பெக்டன்ஸி கவுண்டர் செங்குத்தாக விழுந்திருக்கும், காத்திருப்பில் பேஜ்ஐஓலாட்ச் என்று ஆரம்பிக்கும் பெயர்கள் நிறைந்திருக்கும். சாஃப்ட்வேரை எங்கே வைத்தாலும் இது தீராது. தேடலை வேகமாக்கும் சரியான இண்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். தேதிப் பத்தியை ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டு, இருக்கும் இண்டெக்ஸையே வீணாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், இதை நான் எத்தனையோ ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டேன். வருடக் கணக்கு கேட்கும் ரிப்போர்ட் என்றால் ராத்திரி ஒரு ஜாப் போட்டு நாள்வாரி மொத்தத்தைத் தனி டேபிளில் எழுதி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. முடிந்துபோன மாதத்தின் கூட்டுத்தொகையை ஒவ்வொரு தடவையும் மறுபடி கூட்டுவானேன்?

அறிகுறி: மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் 3 விநாடி, அதே குவெரி ரிப்போர்ட்டில் 5 நிமிடம்

சர்வர் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டுடியோவில் அரித்அபார்ட் என்ற ஒரு அமைப்பு ஆன், மற்ற அப்ளிகேஷன்களில் பெரும்பாலும் ஆஃப், அதனால் இரண்டுக்கும் தனித்தனி பிளான். ரிப்போர்ட்டின் பிளான், என்றோ ஒருநாள் ஒரே ஒரு சின்னக் கிளைக்காக ஓட்டியபோது உருவானதாக இருக்கும், அதையே வைத்து இப்போது எல்லாக் கிளைக்கும் ஓட்டுகிறது. குவெரியின் கடைசியில், ஒவ்வொரு தடவையும் புதுப் பிளான் போடச் சொல்லும் ஆப்ஷன் ரீகம்பைல் போட்டுப் பாருங்கள். அடிக்கடி ஓடாத, கனமான ரிப்போர்ட்டுக்கு அது போதும்.

அறிகுறி: நான்கைந்து பேர் ஒன்றாக ரிப்போர்ட் எடுத்தால் எல்லாருக்கும் நகராமல் நிற்கிறது

காத்திருப்பு ரிசோர்ஸ் செமஃபோர் என்றால், அடுக்கவும் இணைக்கவும் வேண்டிய மெமரி கிடைக்காமல் குவெரிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரே குவெரி அந்த மெமரியில் 25 சதவீதம் வரை கேட்க முடியும், மூன்று நான்கு பெரிய ஆட்கள் வந்தால் கதவு மூடிவிடும். டேபிளில் எது எவ்வளவு இருக்கிறது என்று சர்வர் வைத்திருக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பழசாகிப்போய் தேவைக்கு மேல் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: தினமும் சரியாகக் காலை 9 மணிக்கு மந்தம்

சப்ஸ்கிரிப்ஷன். எல்லாரும் 9 மணிக்கு மெயிலில் வரட்டும் என்று போட்டிருப்பார்கள். நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட்டில் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான பெயரோடு கிடக்கும் ஜாப்புகள் அவைதான். அவற்றைப் பெயர் மாற்றவோ அழிக்கவோ செய்யாமல், ரிப்போர்ட் போர்ட்டல் வழியே 6:00, 6:20, 6:40 என்று பிரித்துப் போடுங்கள். மேலாளர் ஆபீஸ் வருவதற்குள் மெயில் வந்திருக்கும், அவர் கேட்டதும் அதுதான்.

காலையில் முதல் ரிப்போர்ட் மட்டும் மெதுவாகத் திறந்து, பிறகு எல்லாம் சரியாக இருந்தால் அது வேறு விஷயம்: எஸ்எஸ்ஆர்எஸ் 720 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், முதலில் வருபவர் அதற்குக் காத்திருக்கிறார். விடியற்காலையில் ஒரு சின்ன ரிப்போர்ட்டை ஷெட்யூலில் ஓட விட்டால் போதும்.

சரி, அப்படியானால் ஒரே மெஷினில் வைக்கலாமா?

முப்பது நாற்பது பேர் பயன்படுத்தும் இடம், மெமரிக்கு இரண்டு பக்கமும் வரம்பு போட்டாச்சு, ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் ஆன், எக்ஸிகியூஷன்லாகில் ரெண்டரிங் நேரம் சின்னது என்றால் வையுங்கள், தாராளமாக வையுங்கள். பிரிப்பதற்கு நான் மதிக்கும் காரணங்கள் இரண்டு. ப்ராசஸிங்கும் ரெண்டரிங்கும் உண்மையிலேயே பெரிதாக இருப்பது ஒன்று. ரிப்போர்ட் போர்ட்டலை ஆபீஸுக்கு வெளியிலிருந்தும் திறக்க வேண்டியிருப்பது இன்னொன்று, ஏனென்றால் டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கும் மெஷினில் வெளியாருக்காக வெப் போர்ட்டைத் திறந்து வைப்பது எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்.

டேட்டா எடுக்கும் நேரம்தான் பிரச்சினை, குவெரியையும் திருத்திப் பார்த்தாச்சு, இன்னும் தாங்கவில்லை என்றால் பிரிக்க வேண்டியது டேட்டாவை. எண்டர்பிரைஸ் பதிப்பு இருந்தால் ஆல்வேஸ் ஆனின் படிக்கக்கூடிய இரண்டாம் நகல் இருக்கிறது. ஸ்டாண்டர்டில் அது கிடையாது. அங்கே, லாக் பேக்கப்புகளை இன்னொரு மெஷினில் தொடர்ந்து ரீஸ்டோர் செய்யும் லாக் ஷிப்பிங்கை, இடையிடையே படிக்க விடும் ஸ்டாண்ட்பை முறையில் வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவை ரீஸ்டோர் ஓடும்போதும் ரிப்போர்ட் பார்ப்பவர்களை வெளியே தள்ள வேண்டியிருக்கும். நேற்று வரைக்குமான கணக்கு போதும் என்றால் ராத்திரி பேக்கப்பை இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து ரிப்போர்ட்டுகளை அங்கே திருப்பி விடுங்கள். எளிய வழி, அதோடு உங்கள் பேக்கப் உண்மையில் எழுந்து நிற்கிறதா என்பதும் தினம் ஒருமுறை சோதனையாகிவிடும். அந்த மெஷினுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள். புதிதாகத் திட்டமிடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எஸ்க்யூஎல் சர்வர் 2025-இல் எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்குப் புதுப் பதிப்பு இல்லை, அந்த இடத்துக்கு பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வந்துவிட்டது.

அறிகுறி: மாற்றிய பிறகு, 'என்டி அத்தாரிட்டி அனானிமஸ் லாகான்' என்று லாகின் மறுக்கப்படுகிறது

இரண்டும் ஒரே மெஷினில் இருந்தவரை பயனரின் விண்டோஸ் அடையாளம் ஒரு தாவலில் டேட்டாபேஸ் வரை போய்ச் சேர்ந்தது. இப்போது இரண்டு தாவல், இரண்டாவதில் அடையாளம் கழன்று விழுகிறது. அடையாளத்தை அடுத்த மெஷினுக்கும் கொண்டுபோக விடும் கெர்பரோஸ் டெலிகேஷன் அமைத்தால் சரியாகும். அது கைவசம் இல்லையென்றால் ரிப்போர்ட்டின் இணைப்பு விவரம் இருக்கும் டேட்டா சோர்ஸில் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கைச் சேமித்து வையுங்கள்.

அறிகுறி: மாற்றிய பிறகு சேமித்த பாஸ்வேர்டுகள் எதுவும் வேலை செய்யவில்லை, அல்லது ஸ்கேல்-அவுட் இந்தப் பதிப்பில் இல்லை என்கிறது

முதலாவது, சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்க வேண்டிய என்கிரிப்ஷன் கீயை பேக்கப் எடுக்காமல் மாற்றியதன் விளைவு. பழைய மெஷின் உயிரோடு இருந்தால் ரிப்போர்ட்டிங் சர்வீஸஸ் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய் கீயை எடுத்துப் புதியதில் ரீஸ்டோர் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு டேட்டா சோர்ஸுக்கும் பாஸ்வேர்டைக் கையால் திரும்பப் போட வேண்டியதுதான். இரண்டாவது, ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸின் கீஸ் டேபிளில் பழைய மெஷினின் பெயர் இன்னும் இருப்பதால் இரண்டு சர்வர் சேர்ந்து ஓடுவதாக ஸ்டாண்டர்ட் பதிப்பு நினைத்துக்கொள்கிறது. டேட்டாபேஸை பேக்கப் எடுத்துக்கொண்டு பழைய வரியை நீக்கி, சர்வீஸை எழுப்புங்கள். பழைய மெஷினில் இருக்கும் எஸ்எஸ்ஆர்எஸ்ஸை உடனே அழித்துவிடாமல், சர்வீஸை நிறுத்தி, டிசேபிள் செய்து, ஒரு மாதக் கடைசி கடக்கும் வரை அப்படியே வைத்திருங்கள்.